கேட்க வேண்டியவர்களைக் கேட்காத 97ஆம் திருத்தம்: சேலம் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சேலம் மாவட்டத்தின் பதினொரு சட்டமன்ற உறுப்பினர்கள், சேலம், கள்ளக்குறிச்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள். (ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்குக் கள்ளக்குறிச்சியோடுதான் சேர்கிறது. மலைக்குக் கீழே இருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன்.)

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு எப்போது தேர்தல் என்று கேட்டு நான் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. அரசமைப்புச் சட்டத்தில் 97ஆம் திருத்தம் சேர்த்த 243-இசட்.கே. பிரிவை மனுவில் காட்டியிருந்தேன். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த குழுவுக்குத் தேர்தல் நடத்தியாக வேண்டும், மாநிலச் சட்டம் எதுவாக இருந்தாலும் சரி என்று சொல்லும் பிரிவு அது. பதில் சுருக்கமாக இருந்தது. மனுதாரர் குறிப்பிட்டுள்ள பிரிவு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இச்சங்கத்துக்குப் பொருந்தாது, அரசாணை பெறப்பட்டதும் தேர்தல் குறித்து நடவடிக்கை எடுக்கப்படும், அவ்வளவுதான்.

பதில் எழுதிய அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எழுதியது சட்டப்படி சரி. எந்தத் தப்பும் செய்யாத ஒரு சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் ஓர் உரிமை பொருந்தாமல் போனது எப்படி, அதில் உங்கள் சபையின் பங்கு என்ன என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

நான் சேர்வராயன் மலையில் ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துக்காரன். சேலத்தில் வக்கீல் குமாஸ்தா வேலை. மலைமேல் கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. சங்கத்தில் அப்பா எடுத்திருந்த பங்கு அவருக்குப் பிறகு என் பேருக்கு வந்தது. பெரும்பலநோக்கு மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கம் என்று போர்டில் நீளமாக எழுதியிருக்கும். இளவட்டம் லேம்ப்ஸ் என்று சொல்லும், பெரியவர்களுக்கு அது சொசைட்டி. பயிர்க்கடன், நகைக்கடன், உரம், ரேஷன் எல்லாமே எங்களுக்கு அங்கேதான். பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய வாரத்தில் கழுத்தில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு எங்கள் பெண்கள் போகிற இடம் அது. அதை யார் நடத்துகிறார்கள் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

2013இல் தேர்தல் நடந்தது, 2018இல் நடந்தது. 2018இல் வந்த குழுவில் என் சின்னம்மா ஓர் உறுப்பினர். எட்டாவது வரை படித்தவர், தோட்டத்திலேயே வளர்ந்தவர். காபிக்குப் பங்குனி, சித்திரையில் பூமழை பெய்யும். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற சமயத்தில் உரம் கைக்கு வந்திருக்க வேண்டும், தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் போட்டு முடித்திருக்க வேண்டும். இதைத் தோட்டக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி மாதமே சின்னம்மா செயலாளரிடம் போய் இண்டென்ட், அதாவது உரம் கேட்டு அனுப்பும் பட்டியல், போட்டாச்சா, போட்டாச்சா என்று உட்கார்ந்துவிடுவார். அவர் தொல்லை தாங்காமலாவது உரம் வந்து சேரும்.

2023இல் அந்தக் குழுவின் ஐந்தாண்டு முடிந்தது. அன்றிலிருந்து, தேர்ந்தெடுத்த குழுவுக்குப் பதிலாக அரசு உட்காரவைத்த தனி அலுவலர். கீழே சமவெளியில் இன்னும் சில சங்கங்களையும் அவரே பார்க்கிறார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், வரும்போது எல்லோரிடமும் நன்றாகப் பேசுவார். ஆனால் கீழே நெல்லுக்கும் குச்சிக்கிழங்குக்கும் எந்த மாதமோ அந்த மாதம்தான் எங்களுக்கும் இண்டென்ட். போன பருவத்தில் உர லாரி மலையேறியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடோனில் ரேஷன் அரிசி நிறைந்திருந்ததால் மூட்டைகளைத் தாழ்வாரத்தில் அடுக்கினார்கள். அடி வரிசைச் சாக்குகளில் ஈரம் ஏறி யூரியா கட்டிதட்டிப் போனது. கடப்பாறையால் குத்தி உடைத்துத் தராசில் அள்ளிப் போட்டார்கள், ஈரத்தின் எடையோடு சேர்த்து. விலையில் ஒரு பைசா குறையவில்லை. சங்க உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்தில் கேட்கலாம் என்றால் கூட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. நிர்வாகக் குழுவிடம் கேட்கலாம் என்றால் குழுவே இல்லை. சின்னம்மாவும் இப்போது வரிசையில் நிற்கும் உறுப்பினர்களில் ஒருவர்தான்.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து கணக்குப் பார்த்தால் எங்கள் சங்கத்தில் தேர்ந்தெடுத்த குழு இருந்த ஆண்டுகளைவிடத் தனி அலுவலர் இருந்த ஆண்டுகள்தான் அதிகம். சென்னையில் ஆட்சி மாறினால் மலையில் சங்கம் கலையும். இந்த வழக்கத்தை நிறுத்தத்தான் 97ஆம் திருத்தம் வந்தது.

அந்தத் திருத்தம் மூன்று வேலை செய்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை 19(1)(சி) பிரிவில் சேர்த்து அடிப்படை உரிமை ஆக்கியது. 43-பி என்று ஒரு வழிகாட்டு நெறியைச் சேர்த்தது. மூன்றாவது, பகுதி 9-பி என்ற புதிய பகுதி, 243-இசட்.எச். முதல் 243-இசட்.டி. வரை. உண்மையான சரக்கு அதில்தான் இருந்தது. குழுவில் 21 பேருக்கு மேல் கூடாது. ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடம், பெண்களுக்கு இரண்டு இடம். பதவிக்காலம் ஐந்தாண்டு. தேர்தல் காலம் முடியும் முன்பே. குழுவைக் கலைத்தாலும் வங்கி அல்லாத சங்கத்தில் ஆறு மாதத்துக்கு மேல் நிர்வாகியை உட்காரவைக்கக் கூடாது. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை, அதே ஆறு மாதத்துக்குள் பேரவைக் கூட்டம். தமிழ்நாட்டில் 2013இல் தேர்தல் நடந்ததும், அதற்கென்று மாநிலத்தில் ஒரு தேர்தல் ஆணையம் வந்ததும் இந்தப் பகுதியின் புண்ணியத்தில்தான்.

இவ்வளவு நல்ல விஷயத்தை எப்படி நிறைவேற்றினார்கள் என்று பாருங்கள். மக்களவையில் 2011 டிசம்பர் 27. மாநிலங்களவையில் டிசம்பர் 28. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 2012 ஜனவரி 12. பிப்ரவரி 15 முதல் அமல். ஐக்கிய நாடுகள் சபை 2012ஐக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்திருந்தது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமோ என்னவோ. இந்தத் தேதிகளுக்கு நடுவில் நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவே இல்லை. மாநிலச் சட்டமன்றங்களை யாரும் கேட்கவில்லை.

மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணையில், கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலின் 32ஆவது இனத்தில் வருகின்றன. அதாவது உங்கள் அதிகாரம். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துவது எப்படி என்று 368ஆவது பிரிவு சொல்கிறது. பெரும்பாலான திருத்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை போதும், அதாவது மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும். குடியரசுத் தலைவர் தேர்தல், உயர் நீதிமன்றங்கள், மத்திய மாநில அதிகாரப் பங்கீடு, ஏழாவது அட்டவணைப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், அப்புறம் 368ஆவது பிரிவே, இவற்றில் மாற்றம் செய்கிற திருத்தம் என்றால் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டு ஒப்புதல் தர வேண்டும். அதுவும் மசோதா குடியரசுத் தலைவர் மேஜைக்குப் போவதற்கு முன்பே. 28 மாநிலங்களில் 14 போதும். ஒரு மாநிலத்துக்கு ஒரு நாள் கூட ஆகாது. சரக்கு சேவை வரிக்கான 101ஆம் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஆகஸ்ட் 8ஆம் தேதி மக்களவை வேலையை முடித்தது. 12ஆம் தேதி அசாம் முதல் மாநிலமாக ஒப்புதல் தந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்தே ஆகிவிட்டது. வரி வசூல் என்றால் ஒரு மாதத்தில் பாதி நாட்டைக் கேட்க முடிகிறது!

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. கட்சித்தாவல் தடைக்கான 52ஆம் திருத்தத்தில், பத்தாவது அட்டவணையின் 7ஆவது பத்தி நீதிமன்றங்களின் அதிகாரத்தை விலக்கியது. அதற்கு மாநிலங்களின் ஒப்புதல் வாங்கவில்லை என்பதற்காகவே 1992இல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்தியைச் செல்லாது என்றது. கட்சி மாறினால் பதவி போகும் சட்டம் என்பதால் அந்த வழக்கு உங்களுக்கெல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கும். அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பஞ்சாயத்து ராஜ், நகராட்சித் திருத்தங்கள், 73உம் 74உம், மாநிலங்களிடம் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் சட்டமாயின. கூட்டுறவுக்கு மட்டும் அந்தப் படியைத் தாண்டிக் குதித்தார்கள்.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். அண்ணன் தம்பிகள் சேர்ந்து கிரயம் எழுதிக்கொடுப்பார்கள், கல்யாணமாகிப்போன தங்கச்சியிடம் கையெழுத்து வாங்கமாட்டார்கள். அவள் என்ன சொல்லப்போகிறாள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. வாங்கியவன் வீடு கட்டிக் குடியேறிய பிறகு வழக்கு வரும். வெளியேறுவது விற்ற அண்ணன் தம்பிகள் இல்லை, நம்பி வாங்கியவன்.

97ஆம் திருத்தத்தில் நம்பி வாங்கியவர்கள் நாங்கள். 2013 ஏப்ரல் 22இல் குஜராத் உயர் நீதிமன்றம் பகுதி 9-பி செல்லாது என்றது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. ஏழாவது அட்டவணையில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லையே, எதற்கு ஒப்புதல் என்பது அவர்கள் வாதம். எட்டு ஆண்டு கழித்து 2021 ஜூலை 20இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எழுத்து மாறாவிட்டால் என்ன, 32ஆவது இனத்தில் மாநிலத்துக்கு இருக்கும் முழு அதிகாரத்தைப் பல கட்டுப்பாடுகள் போட்டுச் சுருக்கியிருக்கிறீர்கள், விளைவைப் பார்த்தால் அது மாற்றம்தான் என்றது. நீதிபதிகள் நாரிமன், கவாய் இருவரும் பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் அந்தப் பகுதி நிற்கும், ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் சங்கங்களுக்கு நிற்காது என்றார்கள். நீதிபதி கே.எம். ஜோசப் அப்படிப் பிரிக்க முடியாது, முழுப் பகுதியும் போக வேண்டும் என்று தனியாகத் தீர்ப்பு எழுதினார். எனக்கு அவர் சொன்னதில்தான் தர்க்கம் சரியாக இருப்பதாகப் படுகிறது. அது கிடக்கட்டும்.

விளைவு என்ன? நாலைந்து மாநிலங்களில் கிளை வைத்திருக்கிற பெரிய சங்கத்தின் உறுப்பினருக்கு உரிய நேரத்தில் தேர்தல் என்பது இன்றும் அரசமைப்புச் சட்ட உரிமை. சேர்வராயன் மலையில் யூரியா கட்டியை உடைத்து வாங்கும் உறுப்பினருக்கு அது இல்லை. சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமை எனக்கு அப்படியே இருக்கிறது. அமைத்த சங்கத்தை நடத்தும் குழுவைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அரசாணை வர வேண்டும்.

தீர்ப்பு வந்தபோது மாநில உரிமை காப்பாற்றப்பட்டது என்று தமிழ்நாட்டில் பலரும் வரவேற்றார்கள். நானும் வரவேற்றேன், இன்றும் அது சரியான தீர்ப்பு என்றே சொல்வேன். மத்திய மாநில உறவை ஆராய 1969இல் ராஜமன்னார் குழு அமைத்த மாநிலம் இது. 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட சபை உங்களுடையது. டெல்லி உங்களைக் கேட்காமல் உங்கள் அதிகாரத்தில் கைவைத்தது தப்பு. அந்தத் தப்பைத் திருத்தி அதிகாரத்தை நீதிமன்றம் உங்கள் கையில் திருப்பித் தந்ததே, அதை வைத்து எங்களுக்கு என்ன செய்தீர்கள்? இதுதான் என் கேள்வி.

தீர்ப்பு வந்து ஆறு மாதம். 2022 ஜனவரியில் கூட்டுறவு நிர்வாகக் குழுக்களின் பதவிக்காலத்தை ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைக்கும் மசோதா உங்கள் சபையில் நிறைவேறியது. முறைகேடுகள் நடந்தன என்று காரணம் சொன்னார்கள். சில சங்கங்களில் நடந்தும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. தப்பு செய்தவர் மேல் வழக்குப் போட வேண்டியதுதானே? பகுதி 9-பி உயிரோடு இருந்திருந்தால் ஐந்தாண்டு என்பதில் எந்த மாநில அரசும் கைவைத்திருக்க முடியாது. மாநிலச் சட்டத்திலும் தேர்தல், தணிக்கை, பேரவை எல்லாம் எழுதியிருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் பலவும் இருக்கின்றன, படித்திருக்கிறேன். ஆனால் அதை மாற்ற ஒரு பிற்பகல் போதும், சாதாரணப் பெரும்பான்மை போதும். எந்தக் கட்சி வந்தாலும் இதே கதைதான் என்பதால் எந்தக் கட்சியின் பேரையும் நான் இங்கே எழுதவில்லை.

நீங்கள் கேட்கப்படாததற்கு வருந்துகிறீர்கள். எங்கள் சங்கத்துக்குத் தனி அலுவலரைப் போட்டபோதும், அவர் காலத்தை நீட்டியபோதும், உர இண்டென்ட் எந்த மாதம் என்று முடிவு செய்தபோதும் எங்களை யார் கேட்டார்கள்? மாநில உரிமை கோட்டையோடு நின்றுவிடக் கூடாது. குப்பனூர் வழியாகவோ இருபது கொண்டை ஊசி வளைவு வழியாகவோ மலைக்கும் ஏறி வர வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2011 டிசம்பரில் இந்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது தமிழ்நாடு சட்டமன்றம் ஏன் சும்மா இருந்தது? இது எங்கள் பட்டியல், எங்கள் ஒப்புதல் இல்லாமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பாதீர்கள் என்று ஒரு தீர்மானம் போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் சரியாகியிருக்கும். அப்போது இருந்தவர்களில் சிலர் இன்றும் அரசியலில் இருக்கிறீர்கள். ஒப்புதல் தரும் அதிகாரத்தைக் காப்பாற்ற ஒரு தனி மனிதர் குஜராத்தில் பொதுநல வழக்குப் போட வேண்டியிருந்தது. அந்த அதிகாரத்தின் சொந்தக்காரர்கள் யாரும் வாசல்படி ஏறவில்லை.

இப்போது ஒப்புதல் தந்தால் ஆகாதா என்று என்னிடம் சிலர் கேட்கிறார்கள். ஆகாது. ஒப்புதல் முதலில், குடியரசுத் தலைவர் கையெழுத்து அப்புறம் என்று 368ஆவது பிரிவில் வரிசை போட்டிருக்கிறது. கெடு எதுவும் கிடையாது, வரிசை மட்டும்தான். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான தகராறு. ஆண் பெண் சம உரிமைத் திருத்தத்தை 1972இல் அவர்கள் காங்கிரஸ் நிறைவேற்றியது, 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும், நீட்டித்த கெடு 1982இல் முடிந்தது. முப்பத்தெட்டாவதாக வர்ஜீனியா ஒப்புதல் தந்தது 2020இல். செல்லுமா செல்லாதா என்று இன்றுவரை சண்டை. நம் ஊரில் அந்தச் சிக்கல் இல்லை. புதிதாக ஒரு மசோதா கொண்டுவந்து, 14 சட்டமன்றங்களைக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்து வாங்கினால் பகுதி 9-பி நமக்கும் உயிர்பெறும். 2021 ஜூலை 6இல், தீர்ப்புக்கு இரண்டு வாரம் முன்பு, மத்திய அரசு கூட்டுறவுக்கென்று தனி அமைச்சகமே தொடங்கியது. அமைச்சகம் வந்தது, 2023இல் பல மாநிலச் சங்கங்களுக்கான சட்டத்தில் திருத்தமும் வந்தது. எங்களுக்கான மசோதாவைக் காணோம்.

இந்தத் தகராறு கூட்டுறவோடு முடியப் போவதும் இல்லை. ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129ஆம் திருத்த மசோதாவை 2024 டிசம்பர் 17இல் மக்களவையில் கொண்டுவந்தார்கள். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கு மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை, உள்ளாட்சித் தேர்தலையும் ஒரே வாக்காளர் பட்டியலையும் சேர்த்தால்தான் தேவை என்று இதை ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் குழு சொல்லியிருக்கிறது. இந்த முறை காலம் குறையப் போவது எங்கள் நிர்வாகக் குழுவுக்கு அல்ல, உங்கள் சபைக்கு. கேட்காமல் நிறைவேற்றிவிட்டு, பத்து ஆண்டு கழித்து நீதிமன்றம் செல்லாது என்றால், இடையில் பாதியில் கலைந்த சட்டமன்றங்களை யார் திருப்பித் தருவது? எங்கள் சங்கத்துக்கு நடந்தபோது எங்களுக்கு ஆன நஷ்டம் உர மூட்டையோடு போயிற்று.

உங்களிடம் நான் கேட்பது இவை.

சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தக் கோர வேண்டும். பதவிக்காலம் முடியும் முன் தேர்தல், தனி அலுவலர் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது, அதைத் தாண்டினால் காரணத்தைச் சபையில் வைத்துத் தீர்மானம் வாங்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள். இதற்கு டெல்லி தேவையில்லை, யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. உங்கள் பட்டியல், உங்கள் இனம், நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டம் வரும் வரை காத்திருக்காமல், காலம் முடிந்து குழு இல்லாமல் கிடக்கும் மாவட்டத்தின் எல்லாச் சங்கங்களுக்கும் தேர்தல் தேதியை அறிவிக்கச் சொல்லி அமைச்சரிடம் பதினொரு பேரும் சேர்ந்து, கட்சி பார்க்காமல், கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள். ஏற்காடு உறுப்பினர் இதில் முன்னால் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் இரண்டே இரண்டு, அதில் ஒன்று நம்முடையது.

பகுதி 9-பியை உரிய ஒப்புதலோடு மீண்டும் கொண்டுவர மத்திய அரசை வலியுறுத்தும் தீர்மானம் ஒன்றும் சபையில் வர வேண்டும். அதில் எந்த ஷரத்து மாநில அதிகாரத்தை அதிகமாக நெருக்குகிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையும் சேர்த்தே சொல்லுங்கள். குழு 21 பேர் என்பதை டெல்லி முடிவு செய்ய வேண்டாம் என்றால் அது நியாயமான பேச்சு. தேர்தல் வேண்டாம் என்பது நியாயமான பேச்சு ஆகாது. மாநில உரிமைகளை ஆராய 2025 ஏப்ரலில் அறிவித்த நீதிபதி குரியன் ஜோசப் குழுவுக்கும் ஒப்புதல் அதிகாரம் பற்றி எழுதுங்கள். 1952 முதல் எந்தெந்தத் திருத்தத்துக்குத் தமிழ்நாட்டு சபை என்றைக்கு ஒப்புதல் தந்தது, எதற்குத் தரவில்லை, எதற்குக் கேட்கப்படவே இல்லை என்ற முழுப் பட்டியலைச் சட்டமன்றச் செயலகம் தமிழில் வெளியிட வேண்டும். என்னைப் போன்ற குமாஸ்தா பழைய நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டித்தான் இதைத் தேட வேண்டும் என்றிருப்பது சரியில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரிடமும் கேட்பது: அரசமைப்புத் திருத்த மசோதா ஒவ்வொன்றிலும் மாநிலங்களின் ஒப்புதல் தேவையா, தேவையில்லை என்றால் ஏன் என்று அரசு மசோதாவோடு சேர்த்து எழுத்தில் சொல்ல வேண்டும் என அவையில் கோருங்கள். ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள், பதில் பதிவாகட்டும். 97ஆம் திருத்தத்தின் விடுபட்ட பாதியை எப்போது கொண்டுவருவீர்கள் என்று கூட்டுறவு அமைச்சகத்திடம் நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, போடுங்கள்.

கடைசியாக ஒன்று, எங்கள் சங்கத்துக்காக மட்டும். அடுத்த பூமழைக்கு முன் தேர்தல் நடத்த முடியாது என்றால், உர இண்டென்ட் போடும் முன்பாவது தனி அலுவலர் ஒரு பேரவைக் கூட்டம் கூட்டும்படி எழுத்தில் உத்தரவு வாங்கிக் கொடுங்கள். தேதியைச் சொல்லிவிட்டால் போதும், ஆட்களைக் கூட்டிவரும் பொறுப்பு எங்களுடையது.

இப்படிக்கு,
சேர்வராயன் மலைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர்